இலையுதிர் காலத்தில் கத்தரித்தல்: எதை வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும்? (ரொறன்ரோ, ஒன்ராறியோ)

செம்பருத்தி எழுதியது:

வணக்கம் உறவுகளே. இந்தக் கோடையில் ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். முன்பிருந்தவர்கள் தோட்டத்தை மிகுந்த விருப்பத்தோடு வளர்த்திருக்கிறார்கள். முன்வளவில் பெரிய லைலாக், வேலியோரம் ஃபோர்சித்தியா, வாசலின் இரு பக்கமும் பொக்ஸ்வூட், வெவ்வேறு விதமான ஹைட்ரேஞ்சியாக்கள், ரோசாக்கள், பியோனி, பின்வளவில் ஒரு பிளம் மரமும் முதிர்ந்த ஓக் மரமும் நிற்கின்றன. நாங்கள் கொண்டுவந்த கறிவேப்பிலையும் மல்லிகையும் சாடிகளில் இருக்கின்றன.

இலைகள் கொட்டத் தொடங்கிவிட்டன. அயலவர் பலர் தங்கள் செடிகளை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார்கள். தோட்டப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றும் வந்து பார்த்து, நவம்பருக்குள் அனைத்தையும் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் குறைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அவர்களுக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். எந்தச் செடியை இப்போது வெட்ட வேண்டும், எதை வெட்டக் கூடாது?

மார்க்கம்வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. அந்த நிறுவனத்துக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒரே நாளில் வெட்டுவது அவர்களுடைய வேலை அட்டவணைக்கு வசதியானது. செடிக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

லைலாக்கின் கொப்பு நுனிகளை இன்றைக்கே அருகில் சென்று பாருங்கள். இலை உதிர்ந்த இடத்துக்கு மேலே, பெரும்பாலும் இரண்டிரண்டாக, பருத்த பச்சை மொட்டுகள் இருக்கும். வருகிற மே மாதத்தில் நீங்கள் முகர்ந்து பார்க்கப் போகும் பூங்கொத்துகள் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. லைலாக், ஃபோர்சித்தியா, மக்னோலியா, ரோடோடென்ட்ரன், அசேலியா போன்ற வசந்தத்தில் பூக்கும் செடிகள் யாவும் முந்திய கோடையிலேயே அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகளை உருவாக்கி முடித்துவிடும். ஆகவே இப்போது நுனியை வெட்டினால் செடி சாகாது, ஆனால் அடுத்த வசந்தம் பூவில்லாமல் போகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு லைலாக்குக்கு ஆண்டுதோறும் இதுதான் நடக்கிறது. வீட்டுக்காரர்கள் மரம் வயதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள், உண்மையில் மரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

இவற்றைக் கத்தரிக்க உகந்த காலம் பூத்து முடிந்த உடனேயே வருகிறது. ஃபோர்சித்தியாவுக்கு மே மாதமும் லைலாக்குக்கு யூன் மாதமும் பொருந்தும். உங்கள் லைலாக் மிக உயரமாக வளர்ந்திருந்தால், மிகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியோடு அகற்றி, அதே வேலையை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் தொடருங்கள். மூன்று ஆண்டுகளில் மரம் முழுவதும் இளமையாகிவிடும், பூவும் தடைப்படாது.

நிலக்கோட்டையான் எழுதியது:

மார்க்கம்வாசி ஐயாவின் விளக்கம் பயனுள்ளது. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தை வைக்க விரும்புகிறேன். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். அங்கே நவம்பர் கடைசி வாரத்தில் நிலத்திலிருந்து சுமார் 50 செ.மீ. உயரம் விட்டு மல்லிகையைக் கவாத்து செய்வார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அதுவே. கவாத்து செய்யாத தோட்டத்தில் பூ குறைந்துவிடும். ஓய்வுக்குச் செல்லும் செடியை வெட்டுவது நல்லதென்றால், இங்கும் இலை கொட்டும் காலத்தில் வெட்டுவதில் என்ன தவறு இருக்க முடியும்? வசந்தப் பூச்செடிகளை விட்டுவிடலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். மற்றவற்றையாவது இப்போதே முடித்துவிட்டால், ஏப்ரலில் வேலை குவியாது அல்லவா?

மார்க்கம்வாசி எழுதியது:

நல்ல கேள்வி. நிலக்கோட்டையில் நவம்பரில் வெட்டுவது ஏன் சரியாக அமைகிறது என்பதைப் பார்த்தாலே, இங்கே அது ஏன் பொருந்தாது என்பது விளங்கும். அங்கே வெட்டிய பிறகு வருவது மிதமான குளிர், அதைத் தொடர்ந்து வெயில். வெட்டிய சில வாரங்களில் புதுத் துளிர்கள் வந்து, அந்தத் துளிர்களிலேயே மல்லிகை அரும்பு கட்டும். அதாவது அங்கே கவாத்து என்பது செடியை எழுப்பிவிடும் வேலை. இங்கேயோ, வெட்டியபின் நான்கைந்து மாதங்களுக்கு உறைபனி நிற்கிறது. எழுந்த துளிருக்கு என்ன நேரும் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

சற்று விரிவாகச் சொல்கிறேன். பகல் பொழுது குறையத் தொடங்கியதும் இந்நாட்டுச் செடிகள் வளர்ச்சியை நிறுத்தி, மாப்பொருளையும் சர்க்கரையையும் தண்டிலும் வேரிலும் சேமித்து, உறைகுளிரைத் தாங்குமாறு தங்கள் திசுக்களை மெல்ல மெல்ல முதிரச் செய்கின்றன. இது ஒரே இரவில் நடப்பதன்று. செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை படிப்படியாக நடக்கிறது. கொப்பின் நுனி மொட்டு இருக்கும்வரை, அது சுரக்கும் ஒக்சின் என்னும் வளரூக்கி கீழுள்ள மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்குகிறது. ஒக்ரோபரில் ரொறன்ரோவில் அடிக்கடி வரும் வெதுவெதுப்பான சில நாட்கள் போதும், கீழ்மொட்டுகள் துளிர்க்கத் தொடங்கிவிடும். முதிராத அந்தத் துளிர் முதல் கடும் உறைபனியில் கருகுகிறது, செடியின் சேமிப்பும் வீணாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. வெட்டிய இடத்தைச் சுற்றி மூடுவதற்குச் செடியின் உயிரணுக்கள் சுறுசுறுப்பாக இயங்க வேண்டும். குளிரில் அந்த இயக்கம் ஏறக்குறைய நின்றுவிடுவதால், இப்போது வெட்டிய காயம் வசந்தம் வரை திறந்தே கிடக்கும், வெட்டுக்குக் கீழேயும் தண்டு காய்ந்துகொண்டே இறங்கும். பூஞ்சணங்கள் பெருமளவில் வித்துகளைப் பரப்பும் காலமும் இதுதான். மார்ச் மாதக் கடைசியில் வெட்டினால், சில வாரங்களிலேயே செடி விழித்துக் காயத்தை மூடத் தொடங்கும். ஏப்ரலில் வேலை குவியும் என்ற உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் அப்போது இலை இல்லாத செடியின் வடிவம் தெளிவாகத் தெரியும். எந்தக் கொப்பு குளிரில் காய்ந்தது, எது பிழைத்தது என்றும் தெரியும். அதனால் வேலை விரைவாக முடியும்.

எக்காலத்திலும் தயங்காமல் அகற்ற வேண்டியவை மூன்று: இறந்த கொப்பு, நோய் பிடித்த கொப்பு, முறிந்து தொங்கும் கொப்பு. பனியின் பாரம் ஏறுவதற்கு முன் அவற்றை எடுத்துவிடுவது நல்லது.

செம்பருத்தி எழுதியது:

மிக்க நன்றி ஐயா, நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹைட்ரேஞ்சியாவில்தான் எனக்குத் தெளிவில்லை. ஒன்றை அடியோடு வெட்டலாம் என்கிறார்கள், இன்னொன்றைத் தொடவே கூடாது என்கிறார்கள். பெயர்ச்சீட்டு எதிலும் இல்லை. பூக்கள் காய்ந்து பழுப்பாகிவிட்டன. எப்படி அடையாளம் காண்பது?

குறிஞ்சி எழுதியது:

நான் ஒரு நாற்றுமேடையில் வேலை செய்கிறேன் அக்கா. ஆண்டுதோறும் வசந்தத்தில் எங்களிடம் வருவோர் அதிகம் கேட்பது, “என் ஹைட்ரேஞ்சியா ஏன் பூக்கவில்லை” என்பதைத்தான். இலை வளம் குறையாமல் பச்சைப் பசேலென்று நிற்கும், ஒரு பூவும் இராது. பெரும்பாலும் முந்திய இலையுதிர் காலத்துக் கத்தரிக்கோல்தான் காரணம்.

காய்ந்த பூவின் வடிவத்தைப் பாருங்கள். கூம்பு வடிவத்தில் நீண்டிருந்தால் அது பனிகுலாட்டா. வெள்ளையாகப் பூத்து இப்போது பழுப்பான பெரிய உருண்டைகளும், மினுமினுப்பில்லாத மெல்லிய இலைகளும் இருந்தால் அது ஆர்போரெசென்ஸ். அன்னபெல் என்னும் புகழ்பெற்ற வகை இதைச் சேர்ந்தது. இவ்விரண்டும் அந்தந்த ஆண்டு வசந்தத்தில் வரும் புதுத் தண்டில் பூப்பவை. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ வெட்டலாம், பூ தவறாது. இப்போது வெட்டினாலும் பூ போகாதுதான். இருந்தாலும் காய்ந்த பூங்கொத்துகளைப் பனிக்காலம் முழுவதும் விட்டுவைப்பதையே நான் விரும்புகிறேன். ஈரப்பனி கனமாக அழுத்தும் இடமாக இருந்தால் மட்டும் பூத்தலைகளை மட்டும் நறுக்கிவிடுங்கள்.

தடித்த, பளபளப்பான, அகன்ற இலைகளும், நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறப் பூக்களும் உடையது மக்ரோஃபில்லா. மண்ணின் அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறுவதும் இதுவே. ஓக் இலை போன்ற வெட்டுள்ள இலைகள் இருந்தால் அது குவெர்சிஃபோலியா. இவ்விரண்டையும் இப்போது தொடவே கூடாது. இவற்றின் பூமொட்டுகள் பழைய தண்டில்தான் இருக்கின்றன. மக்ரோஃபில்லாவின் நுனிமொட்டு ரொறன்ரோவின் கடும் குளிரில் பல ஆண்டுகளில் தானாகவே கருகிவிடும் என்பதால், வெட்டாமல் விடுவதோடு காப்பும் தேவை. தரை உறையத் தொடங்கியபின், செடியைச் சுற்றிக் கோழிக்கூட்டு வலையை நிறுத்தி, உதிர்ந்த உலர் இலைகளை உள்ளே நிரப்புங்கள். ஏப்ரலில் மெதுவாக அகற்றி, மொட்டுகள் விரிந்தபின் காய்ந்த நுனிகளை மட்டும் முதல் உயிர்மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். எண்ட்லெஸ் சம்மர் போன்ற புதிய வகைகள் பழைய தண்டிலும் புதுத் தண்டிலும் பூக்கும். அவற்றுக்கும் பழைய தண்டு பிழைத்தால்தான் பூ முந்தி வரும்.

இன்னது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஓர் ஆண்டு வெட்டாமல் கவனியுங்கள் அக்கா.

வேங்கை எழுதியது:

மரம் வெட்டும் தொழிலில் இருக்கிறேன். ஓக் மரத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். தங்கை, அதை இப்போது கைவைக்க வேண்டாம். ஓக் வாடல் நோய் 2023இல் நயாகரா ஃபோல்ஸ் பகுதியில் கண்டறியப்பட்டது. கனடாவில் அது முதன்முறை. புதிய காயத்தின் சாறு வாசனைக்கு வரும் சிறு வண்டுகள் நோய் வித்துகளைச் சுமந்துவருகின்றன. ஒரு மரத்துக்கு வந்தால், வேரோடு வேர் பிணைந்த பக்கத்து ஓக் மரங்களுக்கும் பரவுகிறது. சிவப்பு ஓக் வகை ஒரே கோடைக்குள் இறந்துவிடக்கூடும். எனவே ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஓக் மரத்தில் புதுக் காயம் ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டுகள் நடமாடாத ஆழ்ந்த குளிர்காலத்திலேயே வெட்ட வேண்டும். புயலில் கொப்பு முறிந்து வேறு வழியில்லாமல் இடையில் வெட்ட நேர்ந்தால், அன்றைக்கே காயத்துக்கு வண்ணம் பூசுங்கள்.

மற்ற மரங்களுக்கு வண்ணமோ தாரோ பூச வேண்டாம். அது பழைய பழக்கம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ பல்லாயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்புகளை எழுப்பி அழுகலை ஒரு எல்லைக்குள் அடைத்துவிடுகிறது என்று காட்டினார். பூச்சு அந்த அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவருடைய ஆய்வில் தெளிவாயிற்று. ஆகவே காயத்தின் மேல் என்ன பூசுகிறோம் என்பதைவிட, எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதே மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு வீக்கம் இருக்கும். மரத்தின் தடுப்பு அங்கேதான் உருவாகிறது. தண்டோடு ஒட்ட வெட்டினால் அந்த வீக்கம் போய்விடும், அழுகல் தண்டுக்குள் நேராக இறங்கும். நீளமான கட்டையை விட்டு வெட்டினால் அந்தக் கட்டை காய்ந்து உளுத்து, காயம் மூடாமல் தடுக்கும். வீக்கத்துக்கு வெளியே, அதை உரசாமல் வெட்ட வேண்டும். கைப்பருமனுக்கு மேற்பட்ட கொப்பாயின் மூன்று வெட்டு வேண்டும். முதலில் வீக்கத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கொப்பின் அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழத்துக்கு அறுங்கள். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கொப்பை விழவிடுங்கள். எஞ்சிய கட்டையைக் கடைசியாக வீக்கத்தின் ஓரத்தில் எடுங்கள். முதல் வெட்டைத் தவிர்த்தால், விழும் கொப்பின் பாரம் தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும்.

ரொறன்ரோ நகர எல்லைக்குள், நிலத்திலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தை, அது உங்கள் சொந்த வளவில் நின்றாலும், நகராட்சியின் அனுமதியின்றி வெட்டவோ சேதப்படுத்தவோ கூடாது. முதிர்ந்த ஓக் என்றால் அந்த அளவைத் தாண்டியே இருக்கும். ஏணி தேவைப்படும் வேலையைத் தகுதிச் சான்றுள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

நொச்சி எழுதியது:

பியோனி, ஐரிஸ் போன்ற, ஆண்டுதோறும் தரையோடு மடியும் செடிகள் தனி வகை. பூண்டுவகைப் பியோனியின் இலைகள் பனியில் கறுத்ததும் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டி, குப்பையோடு அனுப்பிவிடுங்கள். அடுத்த வசந்தத்தில் மொட்டுகளைக் கருக்கும் பொட்ரைட்டிஸ் பூஞ்சணம் அந்த இலைகளிலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. மரப்பியோனி என்றால் தண்டை வெட்டாதீர்கள். ஐரிஸ் இலைகளில் துளைப்பான் அந்துப்பூச்சியின் முட்டைகள் இருக்கக்கூடும், அவற்றையும் அகற்றுங்கள். சாம்பல் நோய் கண்ட ஃப்ளொக்ஸ் செடிக்கும் இதையே செய்யலாம்.

நோயில்லாத மற்றச் செடிகளை நிற்கவிடும்படி எல்லோரையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எக்கினேசியாவின் விதைத்தலைகளைத் தேடிக் கோல்ட்ஃபின்ச் குருவிகள் பனியிலும் வருகின்றன. உள்ளீடற்ற தண்டுகளிலும் மென்மையான நடுப்பகுதியுள்ள தண்டுகளிலும் சிறிய உள்நாட்டுத் தேனீக்கள் உறங்குகின்றன. வசந்தத்தில் வெட்டும்போதும் ஓர் அடி உயரத்துக்குத் தண்டை விட்டுவைத்தால், அடுத்த தலைமுறை அதில் கூடு கட்டும். தோட்டம் ஒழுங்கற்றுத் தெரிகிறது என்று அயலவர் சொன்னால், காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். என் அயலில் இருவர் இப்போது வெட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

பொக்ஸ்வூட்டுக்கு ஒரு சிறப்புக் கவனம் தேவை. பொக்ஸ்மர அந்துப்பூச்சி வட அமெரிக்காவிலேயே முதன்முதலாக 2018இல் ரொறன்ரோவில்தான் கண்டறியப்பட்டது. அதன் சிறு புழுக்கள் இரண்டு இலைகளைப் பட்டிழையால் ஒட்டி, அதற்குள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இப்போது செடியின் உட்பக்கத்தை விரித்துப் பார்த்து, ஒட்டிய இலைகள் கண்ட சிறு கொப்புகளை மட்டும் நறுக்கி அகற்றுங்கள். வடிவம் திருத்தும் வெட்டை அடுத்த யூன் மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

நிலக்கோட்டையான் எழுதியது:

மார்க்கம்வாசி ஐயாவின் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். எழுப்பிவிடும் வேலை என்று சொன்னது மிகத் தெளிவாக விளங்கியது. ரோசாவைப் பற்றி ஒரு கேள்வி உள்ளது. நீண்ட தண்டுகள் காற்றில் ஆடி அடிவேரையே அசைக்கின்றன. அதையும் வசந்தம் வரை விட்டுவைக்க வேண்டுமா?

குறிஞ்சி எழுதியது:

ரோசாவுக்கு மட்டும் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். நவம்பரில், பல உறைபனிகள் கடந்தபின், காற்றில் ஆடும் நீண்ட தண்டுகளை இடுப்பளவு உயரத்துக்குக் குறைத்தால் போதும். இது வேர் அசையாமலிருக்கச் செய்யும் காப்பு மட்டுமே. கரும்புள்ளி நோய் கண்ட இலைகளைத் தரையிலிருந்தும் பொறுக்கி எடுங்கள். பிறகு ஒட்டுப் போட்ட இடத்தை மூடுமாறு 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்குப் புதிய மண்ணை அணையுங்கள். செடியைச் சுற்றியுள்ள மண்ணையே வாரி எடுத்தால் வேர் வெளிப்பட்டுவிடும். உண்மையான கத்தரிப்பு ஃபோர்சித்தியா மஞ்சளாகப் பூக்கும்போது, வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே. கொடி ரோசாவையும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் பழைய வகைகளையும் இப்போது குறைக்க வேண்டாம், கட்டி நிறுத்துங்கள்.

செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேங்கை அண்ணா சொன்னபடி ஓக் மரத்துக்குத் தகுதியுள்ள ஒருவரைப் பனிக்காலத்தில் அழைக்கப் போகிறேன். சாடிகளைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். கறிவேப்பிலை என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. உள்ளே எடுப்பதற்குமுன் பாதியாக வெட்டும்படி அம்மா சொல்கிறார். பிளம் மரத்தின் கொப்புகளிலும் கரிய முடிச்சுகள் தென்படுகின்றன.

மார்க்கம்வாசி எழுதியது:

இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போவதற்குமுன் கறிவேப்பிலையும் மல்லிகையும் உள்ளே வந்துவிட வேண்டும். இலைகளின் அடிப்பக்கத்தில் செதில் பூச்சியும் சிலந்திப்பேனும் இருக்கின்றனவா என்று பார்த்து, நீரைப் பீய்ச்சிக் கழுவியபின் எடுங்கள்.

அம்மா சொல்வது ஊரின் வெயிலுக்குப் பொருந்தும். இங்கே டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரமே இருக்கும், அதிலும் கண்ணாடியைக் கடந்து வரும் ஒளி குறைவு. இப்போது பாதியாக வெட்டினால், வெட்டிய இடத்துக்குக் கீழே வரும் துளிர்கள் வெளிறி நீண்டு, சிலந்திப்பேனுக்கு இரையாகும். இருக்கும் முதிர்ந்த இலைகளோடு, நீரைக் குறைத்து, தெற்கு நோக்கிய யன்னலில் ஓய்வெடுக்க விடுங்கள். சமையலுக்கு இலைக்காம்பு காம்பாகப் பறிப்பதில் தவறில்லை. சனவரியில் இலை கொட்டினாலும் கலங்க வேண்டாம். தண்டைச் சற்றுச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மார்ச் மாதம் வெளிச்சம் கூடியதும் அம்மா சொன்ன அளவுக்கே துணிந்து வெட்டுங்கள், பக்கக் கொப்புகள் நிறைய வரும். மல்லிகைக்கும் அதே காலம். புதுத் துளிரில்தான் அது பூக்கும். உயரம் உண்மையிலேயே இடைஞ்சல் என்றால், அடுத்த ஆண்டு யூலைக் கடைசியில், செடி வெளியே நிற்கும்போதே குறைத்துவிடுங்கள். துளிர்கள் முதிர்ந்தபின் உள்ளே எடுக்கலாம்.

வேங்கை எழுதியது:

பிளம் மரத்தில் நீங்கள் காண்பது கருமுடிச்சு நோயாகவே இருக்க வேண்டும். இலை உதிர்ந்த இந்த நாட்களில் அது தெளிவாகத் தெரியும் என்பதால், ஒவ்வொரு முடிச்சுக்கும் கீழே இப்போதே ஒரு துணி நாடாவைக் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவது பெப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில், மொட்டு விரிவதற்குமுன். நோய் முடிச்சைத் தாண்டியும் மரத்துக்குள் ஓடியிருக்கும் என்பதால், முடிச்சுக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. தள்ளி, அடுத்த நல்ல கொப்பின் சந்தியில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அலகை 70 சதவீத அல்ககோலால் துடைப்பது நல்ல பழக்கம். வெட்டிய முடிச்சுகளை மரத்தடியில் போட்டுவைக்காதீர்கள். தரையில் கிடந்தாலும் வசந்த மழையில் அவை வித்துகளை வீசும். தண்டிலேயே முடிச்சு வந்திருந்தால் படம் ஒன்றை இங்கே இணையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.